இரண்டு கட்டம் தாவும் முள்

1910 மார்ச் மாதம் பல்லாவரத்தில் ஒரு விமானம் தரையை விட்டு எழும்பியது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜாக்கமோ டாஞ்சலிஸ் தானே யோசித்து, சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்வித்த விமானம் அது. ஓட்டியதும் அவர்தான். ஏறி உட்காரும் முன் எந்த டாக்டரும் அவர் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை. கண் சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா, சின்ன வயதில் வகுப்பில் ஓரிடத்தில் உட்கார்ந்தாரா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. விழுந்தால் அவர் ஒருவர்தானே விழப்போகிறார்!

இன்று அதே பல்லாவரத்தை ஒட்டிய ஓடுபாதையில் இறங்கும் விமானம் ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது, நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்விகள் பெருகாமல் இருக்குமா? முதல் உலகப் போரில் விமானிக்கென்று தனி மருத்துவச் சோதனை வளர்ந்தது. 1919 பாரிஸ் உடன்படிக்கை அதைச் சிவில் விமானங்களுக்கும் கொண்டுவந்தது. 1944இல் சிகாகோவில் நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தத்தின் முதல் இணைப்பு, விமானிகளின் உரிமத்தைப் பற்றியது. 1948 ஏப்ரலில் ஏற்கப்பட்டது. பல முறை திருத்தப்பட்ட அந்த இணைப்பில் உள்ள ஒரு வரிதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

திருக்கழுக்குன்றத்தில் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் வகுப்பு. பெஞ்சில் உட்கார மாட்டான், கேள்வி முடியுமுன் பதில் சொல்லுவான், நோட்டைத் தொலைப்பான். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு 2013 முதல் நாடு முழுக்கக் குழந்தைகளைப் பரிசோதித்து வருகிறது; அது தேடும் முப்பது குறைபாடுகளின் பட்டியலில், கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி.யும் உண்டு. அந்தக் குழு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது. அம்மா அவனைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார். அங்கே கேள்விகள், படிவங்கள், ஒரு பெயர். சில வருடம் மாத்திரை, பயிற்சி. ஏழாம் வகுப்புக்குள் மாத்திரை நின்றுவிடுகிறது; பையன் பிளஸ் டூவில் இயற்பியலில் நல்ல மார்க் எடுக்கிறான். தாம்பரம் விமானப் படைத் தளத்துப் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன். பைலட் ஆக வேண்டும் என்கிறான்.

முதல் படி மெடிக்கல். இந்திய விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 என்ற முதல் சான்றிதழ், அதன்பின் விமானப் படையின் டெல்லி மையம், பெங்களூர் விண்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில், தொழிலாக ஓட்டுபவருக்குத் தேவையான கிளாஸ் 1. இரத்தம், சிறுநீர், இ.சி.ஜி., எக்ஸ்ரே, காது, கண் எல்லாம் பார்க்கிறார்கள். அவை ஒன்றும் அவனைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்துவது, இதற்கு முன் என்னென்ன வியாதி, என்னென்ன சிகிச்சை என்று கேட்டுக் கீழே கையெழுத்து வாங்கும் தாள்.

"அதெல்லாம் சின்ன வயசு சமாச்சாரம்டா. எவன் போய்ப் பழைய சீட்டைத் தோண்டப் போறான்? இல்லைன்னு டிக் பண்ணிட்டு வா" என்பார் மாமா. நம் ஊரில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு மாமா உண்டு.

மாமா சொல்வது தவறு என்று சொல்லிவிடுவது சுலபம். ஏன் தவறு என்று விளங்க வேண்டுமானால், அந்தத் தாள் எதைக் கண்டு பயப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

முதல் இணைப்பின் மனநலப் பகுதி ஒரு நீண்ட பட்டியல். ஸ்கிசோஃபிரேனியா, மனச்சோர்வு, போதைப் பழக்கம் என்று வரிசையாகப் போகும் அதில், குழந்தைப் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ தொடங்கிய நடத்தை அல்லது உணர்ச்சிக் கோளாறு என்றும் ஒன்று வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப் பட்டியலில் ஏ.டி.எச்.டி.க்கு ஒப்பான நோய் வைக்கப்பட்டிருக்கும் தொகுதிக்கும் ஏறக்குறைய இதுதான் தலைப்பு. ஆக, பையனின் பழைய சீட்டு நேராக இந்த வரியில் வந்து விழுகிறது. ஆனால் பட்டியல் அங்கே முடிந்துவிடவில்லை. விமானியின் வேலையைப் பாதுகாப்பாகச் செய்யவிடாமல் தடுக்கக்கூடிய அளவுக்கு அது இருந்தால் என்ற நிபந்தனை வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரியின் தலை பெயரைக் கேட்கிறது. வால் திறனைக் கேட்கிறது. மாமா தலையை மட்டும் படித்துவிட்டுப் பயந்துபோனவர்.

திறனை எப்படி அளப்பது? இதயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1980களில் ஐரோப்பிய இதய மருத்துவர்கள் விமானிகளுக்காக உருவாக்கிய அதை ஒரு சதவீத விதி என்பார்கள். வருடத்துக்கு 8,760 மணி நேரம். சுலபத்துக்குப் பத்தாயிரம் என்று கொள்வோம். ஒருவருக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் மாரடைப்பு வர நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு என்றால், ஒரு மணி நேரத்துக்குள் வர பத்து லட்சத்தில் ஒன்று. விமானத்தில் இன்னொரு விமானி இருக்கிறார். ஏறும்போதும் இறங்கும்போதும் வந்தால்தான் உண்மையான ஆபத்து. அந்த நேரம் பயணத்தில் பத்தில் ஒரு பங்கு. அப்போதும் துணை விமானி கையில் எடுத்துக்கொள்ளத் தவறுவது நூற்றில் ஒரு முறை. எல்லாவற்றையும் பெருக்கினால் நூறு கோடி மணி நேரத்தில் ஒரு விபத்து. அந்த அளவு ஆபத்தை உலகம் ஏற்கிறது. ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவர் இரண்டு பேர் ஓட்டும் விமானத்தில் பறக்கலாம்.

அழகான கணக்கு. ஏ.டி.எச்.டி.க்கு உதவாத கணக்கும்கூட. மாரடைப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். கவனம் நழுவினால் தெரியாது, நழுவியவருக்கே தெரியாது. விமானி நிமிர்ந்துதான் உட்கார்ந்திருப்பார், கேட்டால் பதிலும் சொல்வார். ஆனால் உயரமானியில் ஒரு எண் மாறியதை அவர் கண் பார்த்திருக்கும், மூளை பார்த்திருக்காது. மணிக்கு இத்தனை முறை என்று எண்ண முடியாத இந்தச் சறுக்கலை எண்ண முயன்றவர் ஒருவர் உண்டு.

இரண்டாம் உலகப் போர். பிரிட்டிஷ் கடலோர ரோந்து விமானங்கள் பிஸ்கே விரிகுடாவில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடின. ரேடார் திரையில் ஒரு சின்னப் புள்ளி; அதைப் பார்க்க ஒரு ஆள். மணிக்கணக்கில் ஒன்றும் தெரியாது. தெரியும்போது பார்க்க வேண்டும். நல்ல கண்ணும் நல்ல பயிற்சியும் உள்ளவர்களே புள்ளிகளைத் தவறவிட்டார்கள். எவ்வளவு நேரம் ஒருவரை உட்காரவைக்கலாம் என்று விமானப் படை கேட்டது. கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வொர்த் இதற்காக ஒரு கடிகாரம் செய்தார். வெள்ளை முகம், எண்கள் இல்லை, ஒரே ஒரு கறுப்பு முள். நொடிக்கு ஒரு கட்டமாக முள் தாவும். நூறு தாவலில் ஒரு சுற்று. எப்போதாவது, எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒரே தாவலில் இரண்டு கட்டம் தாண்டும். அதைப் பார்த்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அரை மணிக்குப் பன்னிரண்டு முறை அப்படி நடக்கும். இரண்டு மணி நேரம் இதுதான் வேலை, தனி அறையில், கையில் வாட்ச் இல்லாமல்.

படிக்கும்போதே கொட்டாவி வருகிறதல்லவா? உட்கார்ந்தவர்கள் இளம் விமானப் படைப் பயிற்சியாளர்களும் கடற்படை வீரர்களும். முதல் அரை மணியில் நன்றாகத்தான் பிடித்தார்கள். அதன்பின் தவறவிடுவது சட்டென்று கூடியது, கூடிய நிலையிலேயே நின்றது. அரை மணிக்கு ஒரு முறை ஆளை மாற்றினால் சரிவு தெரியவில்லை. மேக்வொர்த் முடிவுகளை 1948இல் வெளியிட்டார். முதல் இணைப்பு ஏற்கப்பட்ட அதே வருடம். இன்று தாம்பரத்தில் இருக்கும் விமானப் படையின் பயிற்றுநர் பள்ளி அம்பாலாவில் தொடங்கப்பட்டதும் அதே வருடம்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடந்த மூன்றும் இந்தப் பையனின் விஷயத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த இளைஞர்களில் ஒருவர்கூட நோயாளி இல்லை. கவனம் அரை மணியில் தளர்வது மனித மூளையின் இயல்பு. அப்படியானால் ஏ.டி.எச்.டி. உள்ளவரிடம் வேறாக இருப்பது என்ன? மெதுவாக வேலை செய்வதா? இல்லை. இந்த ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வரும் பதில் ஒன்று உண்டு; 2013இல் 319 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மதிப்பாய்வும் அதைத்தான் சொன்னது. பொத்தானை அழுத்த அவர்கள் எடுக்கும் நேரம் ஒரே சீராக இருப்பதில்லை. செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போகும் லோக்கல் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக நேரத்துக்கு வருகிற ரயில் ஒன்று. தினமும் நேரத்துக்கு வருகிற ரயில் இன்னொன்று. சராசரியைக் கேட்டால் இரண்டும் ஒன்றே. ஆபீஸ் போகிறவருக்கு வித்தியாசம் தெரியும். ஏ.டி.எச்.டி. உள்ளவரின் பதில்களில் பெரும்பாலானவை மற்றவர்களைப் போலவே வேகமாக இருக்கும். நடுநடுவே சில மட்டும் மிகவும் தாமதமாக வரும்.

விமானி அறையில் அந்தத் தாமதம் எங்கே கடிக்கும்? பயிற்சி விமானம் ஒன்று கடற்கரையை இடப்பக்கம் வைத்துத் தெற்கே வருகிறது என்று கொள்வோம். முட்டுக்காட்டுக் கழிமுகம், கோவளம், திருவிடந்தை, கடற்கரைக் கோயில் எல்லாம் வரிசையாகக் கீழே நகர்கின்றன. மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் மேலே பறக்கத் தடை. அதற்கு முன் திரும்ப வேண்டும். ரேடியோவில் சென்னைக் கட்டுப்பாடு யாருக்கோ உயரம் சொல்கிறது. அது தனக்கா என்று காது கொடுக்க வேண்டும். எண்ணெய் அழுத்தம், திசை, உயரம் என்று கண் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். எதிரே பருந்து வட்டமிடுகிறதா என்று வெளியேயும் பார்க்க வேண்டும். இதில் எதுவும் கடினம் இல்லை. எதிலும் சிக்கிக்கொள்ளாமல் அடுத்ததற்குத் தாவுவதுதான் கடினம். அதே விமானி பத்து வருடம் கழித்து, இரவில் நான்கு மணி நேரம் தானியங்கி ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது வேலை அப்படியே தலைகீழாகிவிடுகிறது. அப்போது அவர் மேக்வொர்த் கடிகாரத்தின் முன்னால் இருக்கிறார்.

ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் பரபரப்பான நேரத்தில் மற்றவர்களைவிடக் கூர்மையாகிவிடுவார்கள், அதனால் நல்ல விமானிகள் ஆவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பரபரப்பு நல்ல விமானப் பயணத்தின் பகுதியே அல்ல. நாலாயிரம் மணி நேரத்தில் நாலு நிமிடம் வந்தால் பெரிது. மீதி நேரத்துக்கு யார்?

மறுபக்கம், நோய்ப் பெயர் இல்லாதவர்களின் கவனம் பத்திரமானது என்ற நினைப்பும் சரியில்லை. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் 401 விமானத்தில் முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சின்ன பல்பு எரியவில்லை. விமானி அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த பல்பைக் கழற்றுவதிலும் மாட்டுவதிலும் மூழ்கினார்கள். தானியங்கி ஓட்டத்தின் உயரப் பிடி விடுபட்டதை ஒருவரும் பார்க்கவில்லை. விமானம் மெல்ல இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். எல்லோருக்கும் மெடிக்கல் சான்றிதழ் இருந்தது. 2010 மே 22 மங்களூர் விபத்தில் 158 பேர் இறந்தார்கள். வழியில் பெரும்பகுதி நேரம் கேப்டன் தூங்கியிருந்தார் என்று விசாரணை சொன்னது.

இதனால்தான் விமானத் துறை மனிதக் கவனத்தை நம்புவதை வெகு காலம் முன்பே விட்டுவிட்டது. 1935 அக்டோபரில் ஒஹாயோவில் போயிங் 299 சோதனை விமானம், வால் சுக்கான்களின் பூட்டை எடுக்க மறந்து கிளம்பி விழுந்தது. ஓட்டியவர் அமெரிக்க ராணுவத்தின் தலைசிறந்த சோதனை விமானிகளில் ஒருவர். அதற்குப் பிறகு வந்ததுதான் செக்லிஸ்ட். ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்வது, பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலை தவிர வேறு பேச்சு கூடாது என்பது, இரண்டு விமானி என்பது எல்லாமே கவனம் நழுவும் என்று தெரிந்து கட்டிய முட்டுகள். ஏ.டி.எச்.டி. குழந்தைக்குச் சிறப்பு ஆசிரியர் சுவரில் ஒட்டித் தரும் பட்டியலையும் விமானியின் செக்லிஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

இனி மாத்திரை. இங்கேதான் கதையில் முடிச்சு விழுகிறது. மேக்வொர்த் தன் கடிகாரத்தின் முன் உட்கார்ந்தவர்களில் சிலருக்கு ஆம்ஃபெட்டமைன் கொடுத்துப் பார்த்தார். அவர்களிடம் அரை மணிச் சரிவு வரவில்லை. அதற்குச் சில வருடம் முன்பே, 1937இல், அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், நிலைகொள்ளாத குழந்தைகள் அதே மருந்தில் அமைதியாகப் படிப்பதைக் கண்டு எழுதினார். போரில் விமானிகள் அதை விழுங்கினார்கள். போருக்குப் பின்னும் அமெரிக்க விமானப் படையில் நீண்ட பயணங்களுக்கு அது தொடர்ந்தது. 2002 ஏப்ரல் 17 அன்று கந்தகாருக்கு அருகே இரண்டு அமெரிக்க விமானிகளில் ஒருவர் போட்ட குண்டில் நாலு கனடிய வீரர்கள் இறந்தபோது, விமானிகள் தரப்பு வழக்கறிஞர்கள் அந்த மாத்திரையைக் காரணமாகக் காட்டினார்கள். விசாரணை அதை ஏற்கவில்லை.

போர் விமானிக்குக் கொடுத்த அதே வகை மருந்தைச் சாப்பிடும் சிவில் விமானிக்கு அமெரிக்காவில் சான்றிதழ் கிடையாது. தரையில் நடப்பதைப் பார்த்தால் இது இன்னும் விசித்திரம். அமெரிக்காவில் 23 லட்சம் ஏ.டி.எச்.டி. நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், மருந்து சாப்பிட்ட மாதங்களில் வாகன விபத்துகள் ஆண்களுக்கு 38 சதவீதமும் பெண்களுக்கு 42 சதவீதமும் குறைவாக இருந்தன. சாலையில் காப்பாற்றுகிற மருந்து வானத்தில் ஏன் ஆகாது?

காரணம் மருந்தின் நல்ல பக்கம் அல்ல, அது தீரும் நேரம். ஏ.டி.எச்.டி. மருந்தான மெத்தில்ஃபெனிடேட்டின் சாதாரண வகை மூன்று நாலு மணி நேரம். மெல்லக் கரையும் வகை எட்டிலிருந்து பன்னிரண்டு. காலையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர் மழையால் தாமதமாகி இரவில் இறங்கும்போது அது தீர்ந்திருக்கும். தீரும்போது சிலருக்குப் பழையதைவிட மோசமான சிடுசிடுப்பும் சிதறலும் வரும். தூக்கம் கெடும், நாடி வேகமாகும், களைப்பு தெரியாமல் மறையும், போகாது. மறந்து வீட்டில் வைத்துவிட்டு வந்த அன்று? காரில் போகிறவர் ஓரம் கட்டலாம். மருந்து தேவைப்படுகிறது என்பதே அறிகுறி இன்னும் இருக்கிறது என்பதற்குச் சாட்சி என்றும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து. சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் கொடுக்க மாட்டார்கள். 2022 ஜனவரி முடிவிலிருந்து விமானிகளிடம் திடீர்ச் சிறுநீர்ச் சோதனையும் நடக்கிறது. தேடும் பொருள்களில் ஆம்ஃபெட்டமைன் வகையும் ஒன்று. அமெரிக்காவில் வளர்ந்து, அங்கே சாதாரணமாக எழுதித் தரும் மாத்திரையுடன் இங்கே பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் திருக்கழுக்குன்றத்துப் பையன் மாத்திரையை விட்டு ஆறேழு வருடம் ஆயிற்று. அவன் பாதை எது? வெளிப்படையாக எழுதிவைத்த பாதை அமெரிக்காவுடையது, அதனால் அதைப் பார்ப்போம். 2023இல் அந்நாட்டு விமானத் துறை இரண்டு வழி திறந்தது. கடந்த நாலு வருடமாக மருந்தும் இல்லை, அறிகுறியும் இல்லை, தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகையும் இல்லை என்றால் விரைவு வழி; உளவியலாளரின் ஒரு மதிப்பீடும் ஆவணங்களும் போதும். இல்லையென்றால் மருந்தை நிறுத்தி 90 நாள் கழித்து முழு நரம்பு-உளவியல் சோதனை. மருந்து போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடக் கூடாதென்று சோதனையை ஒட்டிச் சிறுநீரையும் பார்க்கிறார்கள்.

நாலு வருடம் என்பது அதிகாரியின் மனம்போன எண் என்று தோன்றலாம். ஏ.டி.எச்.டி. குழந்தைகளைப் பதினாறு வருடம் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவைப் பாருங்கள். வளர்ந்தபின் முழுக்க விட்டுப்போய், பின் திரும்பவே வராதவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். மாறாமல் நீடித்தவர்கள் பதினொரு பேர். நூற்றுக்கு அறுபத்து நாலு பேருக்கு அது வருவதும் போவதுமாக இருந்தது. சின்ன வயசு சமாச்சாரம் என்ற மாமாவின் வாதம் இங்கே அடிபடுகிறது. ஒரு நல்ல வருடத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதே ஆய்வு பெயர் பார்த்துத் தள்ளுபவர்களுக்கும் எதிரானது: ஏறக்குறைய எல்லோரும் மாறுகிறார்கள் என்றால், ஏழு வயதுச் சீட்டு பத்தொன்பது வயதுக்காரனைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். இப்போது அளந்தே ஆக வேண்டும்.

அளக்கும் அறையில் என்ன நடக்கிறது என்று ஒன்றை மட்டும் காட்டுகிறேன். ஒரு குரல் மூன்று நொடிக்கு ஒரு எண்ணாகச் சொல்லும். வந்த எண்ணை அதற்கு முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும். 3 என்கிறது, 7 என்கிறது. நீங்கள் பத்து என்கிறீர்கள். அடுத்து 4. பதினாலு என்று நாக்கு நுனிக்கு வரும். அது தவறு; ஏழும் நாலும் பதினொன்று. உங்கள் சொந்த விடையை மறந்து, அவர்கள் சொன்ன எண்ணை நினைவில் வைக்க வேண்டும். அதற்குள் 8 வந்துவிடுகிறது. பின்னர் வேகம் கூடும். வீட்டில் யாரையாவது எண் சொல்லச் சொல்லி முயன்று பாருங்கள். கணக்கில் புலியானவர்கள் தடுமாறுவதைப் பார்க்கலாம். இன்னொரு சோதனையில் திரையில் எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு குறிப்பிட்ட எழுத்து தவிர எல்லாவற்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கால் மணி நேரம். மேக்வொர்த் கடிகாரத்தின் பேரப்பிள்ளை அது. எத்தனை சரி என்பதோடு, ஒவ்வொரு அழுத்தலுக்கும் எத்தனை மில்லி நொடி, அது எவ்வளவு ஆடுகிறது என்றும் கணினி குறிக்கிறது. விமானிகளுக்கென்றே உருவாக்கிய காக்ஸ்கிரீன் என்ற கணினிச் சோதனையும் உண்டு. அதில் உங்களை ஊர் சனத்தோடு ஒப்பிடாமல் வேலையில் இருக்கும் விமானிகளோடு ஒப்பிடுகிறார்கள்.

பள்ளியில் ஒட்டிய பெயரே சரிதானா என்பதும் ஒரு கேள்வி. கோவையில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் 770 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு, நூற்றுக்குப் பதினொரு பேருக்கு ஏ.டி.எச்.டி. என்றது. ஐம்பது பேர் உட்காரும் வகுப்பில் ஐந்தாறு குழந்தைகள். முறையான நோயறிதலுக்கு அறிகுறி பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீட்டிலும் பள்ளியிலும் என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். சரியாகக் காது கேட்காத குழந்தை, தூக்கம் போதாத குழந்தை, வீட்டில் அடிபடும் குழந்தை எல்லாமே வகுப்பில் துறுதுறுவென்றுதான் தெரியும். மிஸ் சொன்னார் என்பதற்காக எழுதிய சீட்டும், முழு மதிப்பீட்டுக்குப் பின் எழுதிய சீட்டும் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். பிரித்துக் காட்டுவது அதோடு இருக்கும் மற்ற காகிதங்கள்தான். மாமாவின் பேச்சைக் கேட்டு அவற்றைக் கிழித்துப் போடுகிறவர்கள், தங்கள் பிள்ளைக்குச் சாதகமான சாட்சியைத்தான் கிழிக்கிறார்கள்.

மறைத்தால் மாட்டுவார்களா? அமெரிக்காவில் மாட்டினார்கள். 2000களின் தொடக்கத்தில் வடக்குக் கலிஃபோர்னியாவில் நாற்பதாயிரம் விமானிகளின் மருத்துவ விண்ணப்பங்களை அரசின் ஊனமுற்றோர் உதவித்தொகைப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பறக்கத் தகுதியானவன் என்று ஒரு அலுவலகத்திலும், வேலை செய்ய முடியாத நோயாளி என்று இன்னொரு அலுவலகத்திலும் எழுதிக்கொடுத்திருந்தவர்களில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மீது வழக்கு வந்தது. நம் நாட்டிலும் மருத்துவப் பதிவுகள் கணினிக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் மாட்டுவோம் என்ற பயத்தைக் காரணமாகச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. பயம்தான் இந்த நோயின் இன்னொரு பாதி. அமெரிக்க விமானிகள் 3,765 பேரிடம் கேட்ட ஆய்வில் 56 சதவீதம் பேர், சான்றிதழ் போய்விடுமோ என்று டாக்டரிடம் போகாமலோ முழுதும் சொல்லாமலோ இருந்திருப்பதாகச் சொன்னார்கள். 2015இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேர் சாகக் காரணமான துணை விமானி, தனக்குக் கொடுத்த விடுப்புச் சீட்டை வேலை கொடுத்த கம்பெனியிடம் காட்டவில்லை. அது வேறு நோய், வேறு கதை. பொதுவாக இருப்பது, சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை. உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு வழி இருக்கிறது என்று எழுத்தில் தெரியாத இடத்தில் எந்தத் தண்டனை வைத்தாலும் பொய்தான் விளையும். அமெரிக்கா வழியை எழுதிவைத்தது அதனால்தான். ஏழு வயதில் குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பெயர் எழுதும் அரசு, அதே பெயருடன் பதினெட்டு வயதில் வருகிறவனுக்கு எத்தனை வருடம், எந்தச் சோதனை என்று நாலு வரியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். மெடிக்கலில் டெம்பரரி அன்ஃபிட், அதாவது இப்போதைக்குத் தகுதியில்லை, என்று வந்தால் எதைக் காட்டித் திரும்பி வரலாம் என்பதும் அந்த நாலு வரியில் இருக்க வேண்டும்.

பையனின் வீட்டில் இப்போது செய்யக்கூடியது இது. செங்கல்பட்டு மருத்துவமனையின் பழைய சீட்டுகள், மாத்திரை நிறுத்திய தேதி, பள்ளி மார்க் ஷீட்டுகள், சலுகை எதுவும் வாங்காமல் எழுதிய பொதுத்தேர்வு விவரம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்க்கலாம். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் புதிதாக ஒரு மதிப்பீடு எடுக்கலாம். மாமல்லபுரம் சாலையில் முட்டுக்காட்டிலேயே மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் 2005 முதல் இருக்கிறது, எங்கே கேட்பது என்று தெரியாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். அந்த ஃபைலோடு போய், கேட்ட கேள்விக்கு ஆம் என்று எழுதி, கிளாஸ் 2 டாக்டர் முன் வைக்க வேண்டும். பயிற்சிக்கு அரைக் கோடி ரூபாய் ஆகும். பல குடும்பங்கள் முதலில் கடன் வாங்கி, சேர்ந்து, பிறகுதான் கிளாஸ் 1 பக்கம் போகிறார்கள். அதற்குப் பின் வரும் அன்ஃபிட் வீட்டையே விற்கவைக்கும். கிளாஸ் 1 கைக்கு வந்த பிறகு பேங்க்கில் கையெழுத்துப் போட்டால் போதும்.